நம்பெருமாள் செட்டியும் ஊராளுங்கல் கூலிவேலைக்காரரும்

திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டியவர் யார் எனக் கேட்டால், தம்பானூர் ஆட்டோ ஓட்டுநர் முதல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வரை ‘சிஷோம்’ என்று விடை சொல்வர். ராபர்ட் சிஷோம் அதன் வரைபடத்தை வரைந்தவர். கல்லையும் சுண்ணாம்பையும் ஆள்களையும் திரட்டி 1880-இல் அதை முடித்துக் கொடுத்தவர்கள் அந்த விடைக்குள் அடங்குவதில்லை. கட்டடக்கலை வரலாறு கட்டடக்கலைஞரின் வரலாறாகச் சுருங்கிவிட்டதன் விளைவு இது. ஒப்பந்தக்காரரின் வரலாற்றைத் தேடுபவர் சென்னைக்குத்தான் செல்ல வேண்டியுள்ளது. அங்கு ஒரு பெயராவது துலக்கமாகக் கிடைக்கிறது.

அப்பெயர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. தெலுங்கு பேசும் வணிகச் சமூகத்தவர். பெயரோ திருவரங்கத்து உற்சவமூர்த்தியினுடையது. சிஷோம் வடிவமைத்த விக்டோரியா பொது மண்டபம், ஹென்றி இர்வின் கைவண்ணத்தில் நிறைவடைந்த உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், இன்று தேசியக் கலைக்கூடம் எனப்படும் விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியன அவர் எடுத்துக் கட்டியவை. இந்தோ-சாரசெனிக் பாணி என நாம் பாடம் நடத்தும் சென்னையின் பெரும்பகுதி, செயல் அளவில், ஒரே ஒப்பந்தக்காரரின் சென்னை.

இத்தகைய குவிப்பு எவ்வாறு நிகழ்ந்தது? திறமை மட்டும் இதற்குப் போதாது. பொதுப்பணித் துறையின் ஒப்பந்தம் என்பது முதலில் செலவழித்துப் பின்னர்ப் பெறும் ஏற்பாடு. பிணைத்தொகை கட்ட வேண்டும். வாரந்தோறும் கூலி கொடுக்க வேண்டும். செய்த வேலையைப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே பட்டியலுக்குப் பணம் வரும். உயர் நீதிமன்றக் கட்டடம் 9.45 இலட்சம் ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கி, 1892-இல் ஏறத்தாழ 13 இலட்சத்தில் முடிந்தது. அந்த அளவிலான வேலையில் இடைக்காலச் செலவைத் தாங்குவதற்குக் கடன் நம்பகம் வேண்டும். வங்கிக் கடன் எளிதில் எட்டாத காலத்தில், கூட்டுக்குடும்பமும் வணிகச் சமூகத்தின் கொடுக்கல் வாங்கலுமே அந்நம்பகத்தை அளித்தன. ஆகவே குடும்ப நிறுவனத்தின் வளர்ச்சியைத் தனிமனித உழைப்பின் கதையாகச் சொல்வதைவிட, கடனின் கதையாகச் சொல்வது பொருத்தம் என்பது என் கருத்து. ஒரு வேலையைக் குறித்த காலத்தில் முடித்தவருக்கு அடுத்த வேலை கிடைப்பது எளிதாகும். ஒப்பந்தம் ஒப்பந்தத்தை ஈன்றது.

ஈட்டிய பொருள் எங்கே சென்றது என்பது அடுத்த கேள்வி. விடை சேத்துப்பட்டில் உள்ளது. அப்பகுதியில் அவருக்கு 99 வீடுகள் இருந்தன எனவும், நூறாவதை வாங்க அவர் மறுத்துவிட்டார் எனவும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் செல்வம் நிலமாக மாறியது என்பதை அக்கதை சரியாகவே நினைவில் வைத்திருக்கிறது. இலண்டனிலிருந்து நோயுற்றுத் திரும்பிய கணிதமேதை இராமானுஜன் தம் இறுதி மாதங்களைக் கழித்து, 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்ததும் சேத்துப்பட்டில் அவருக்குச் சொந்தமான வீட்டில்தான். இன்று நம்பெருமாள் செட்டியின் பெயர் கட்டுமான நிறுவனம் ஒன்றின் பெயராக நினைக்கப்படுவதில்லை. நிலத்தோடும் வீடுகளோடும் இக்கட்டடங்களோடும்தான் நினைக்கப்படுகிறது. நிலம் பங்கு போடத்தக்கது. ஒப்பந்தக்காரரின் நற்பெயரை அவ்வாறு பிரிக்க இயலாது.

குடும்பம் என்பதனாலேயே நிறுவனம் நிலைக்காது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மும்பையில் 1865-இல் தொடங்கிய சாபூர்ஜி பல்லோன்ஜி இன்றும் குடும்ப நிறுவனமே. ஈட்டியது தொழிலுக்குள் திரும்பியதா, தொழிலை விட்டு வெளியேறியதா என்பதே வேறுபாட்டின் இடம் எனத் தோன்றுகிறது.

நம்பெருமாள் செட்டி 1925 டிசம்பரில் காலமானார். அதே ஆண்டின் தொடக்கத்தில் வடகரைக்கு அருகில், ஊராளுங்கலில், வாக்படானந்தரின் ஆத்மவித்யா சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள் பதினால்வர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். சாதிச் சடங்குகளையும் மேலாதிக்கத்தையும் எதிர்த்தமைக்காக நிலவுடைமையாளர்கள் அவர்களுக்கு வேலை மறுத்திருந்தனர். தொடக்க முதல் ஆறணா. சென்னையில் கடன் நம்பகத்தைக் குடும்பம் அளித்ததெனில், இங்கு அதை அளித்தது விலக்கி வைக்கப்பட்டோரின் கூட்டுறவு. உபரியை எவரும் வீடுகளாக மாற்றிக்கொள்ள இயலாத அமைப்பு அது. அச்சங்கம் இன்று கேரளத்தின் பெரும் கட்டுமான நிறுவனங்களுள் ஒன்று. தேசிய நெடுஞ்சாலை 66-இல் தலப்பாடி முதல் செங்களை வரையிலான பகுதியை ஆறு வழிச் சாலையாக்கும் பணி அதனிடம் ஒப்படைக்கப்பட்டது.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மலையாளத்தில் ‘கரார்’ என்றால் ஒப்பந்தம்; தமிழில் அதே அரபுச் சொல் விட்டுக்கொடாத கண்டிப்பைக் குறிக்கும். ‘மேஸ்திரி’ இரு மொழிக்கும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. தமிழில் ‘கொத்தனார்’ என்பதில் ‘ஆர்’ விகுதி மதிப்பைச் சுமக்கிறது. ‘சித்தாள்’ என்பதோ ஆளையே சிறிதாக்குகிறது. கட்டுமானத் தளத்தின் படிநிலை அதன் சொற்களிலேயே பதிந்துள்ளது. ஊராளுங்கல் சங்கம் தன் தொடக்கப் பெயரில் ‘கூலிவேலைக்காரர்’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டது. ஊராளுங்கல் கூலிவேலைக்காரர் பரஸ்பர சகாய சங்கம் என்பதே அப்பெயர். ஒப்பந்தக்காரரின் பெயரையேனும் சென்னை காப்பாற்றி வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் செந்நிறச் சுவர்களை எழுப்பிய சித்தாள்களுள் ஒருவரின் பெயரைக்கூட நாம் நம் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.