பாவாதமலைப் பாதையில் இப்னு பதூதாவும் அட்டைகளும்



இந்த நாட்டில் நாம் எவ்வளவு காலமாக இருக்கிறோம் என்ற பேச்சு வந்தால் உடனே இப்னு பதூதாவின் பெயரை எடுக்கிறோம். 1344ஆம் ஆண்டு புத்தளம் வந்தார் என்று சொல்லி அதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் மலைக்கு எப்படிப் போனார், வழியில் எங்கே தங்கினார், என்ன பாடுபட்டார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவின் மஃபர் கரைக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று இங்கே தள்ளிவிட்டது. புத்தளத்தில் அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. ஆதம் நபியின் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறு ஆசை இல்லை என்றார் விருந்தாளி. மன்னர் பல்லக்கும் அதைத் தூக்க ஆட்களும் கொடுத்தார். கூடவே நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், வேறு பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர்.

முதல் நாள் ஓர் ஆற்றங்கரையில் தங்கினார்கள். மூங்கில் தெப்பத்தில் அந்த ஆற்றைக் கடந்தார்கள். பிறகு நீர் நிறைந்த கரடுமுரடான நிலம், யானைக் காடு. மலையை நெருங்கியபோது குகைகள். மழைக்காலத்தில் இரத்தினபுரி, மஸ்கெலியாப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காடு தெரியும். பகலெல்லாம் வியர்வை, பின்னேரம் இடியோடு மழை, காலைப் பார்த்தால் அட்டை.

அட்டையைப் பற்றி அவர் விபரமாகவே எழுதியிருக்கிறார். தண்ணீர்ப் பக்கத்து மரங்களிலும் புற்களிலும் இருக்கும், ஆள் கிட்ட வந்தால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்காக அந்த ஊரார் தேசிக்காயைக் கையோடு வைத்திருப்பார்கள். பிழிந்துவிட்டால் அட்டை விழும், பிறகு கடித்த இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவார்கள். தேசிக்காய் பிழியாமல் அலட்சியமாக இருந்த ஒரு யாத்திரிகர் இரத்தம் போய் மௌத்தானதாகவும் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பெரியவர்களும் அட்டைக்குத் தேசிக்காய்தானே பூசினார்கள்?

திரும்பும் வழி இன்னும் மோசம். புத்தளத்திலிருந்து புறப்பட்ட கப்பல் கடும் காற்றில் அகப்பட்டு, மறுகரைக்குக் கிட்ட ஆழமில்லாத நீரில் தட்டியது. பாய்மரத்தை வெட்டினார்கள். பலகைத் தெப்பத்தில் தோழர்களை முதலில் அனுப்பிவிட்டு இப்னு பதூதா இரவு முழுவதும் கப்பலிலேயே இருந்தார். விடிந்ததும் அந்தக் கரை மக்கள் படகில் வந்து காப்பாற்றினார்கள்.

இந்தப் பயணத்தில் அவரை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார்? வழிகாட்டிய யோகிகள், சோறும் நெய்யும் மீனும் பாலும் கொடுத்த ஊர்கள், அட்டைக்கு மருந்து தெரிந்த காட்டோரத்து மக்கள். இவர்களில் பெரும்பாலானோர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஷெய்க் இப்னு கஃபீபின் காலம் தொட்டு முஸ்லிம் யாத்திரிகர்களை இவ்வூரார் மதித்து, வீட்டில் ஏற்று, கூட இருந்து சாப்பிடுவதாக அவரே எழுதியிருக்கிறார்.

நாம் இங்கே பழையவர்கள் என்று நிறுவ அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். அப்படியானால் அவருடைய சாட்சியத்தை முழுமையாகவே கேட்போம். அண்டை வீட்டாரோடு மனக்கசப்பு வந்திருக்கும் இந்தக் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு ஆண்டு மட்டும் போதாது, அந்தப் பாதையில் சோறு போட்ட கைகளும் தெரிய வேண்டும்.

அல்லாஹ் நம் ஊர்களில் அந்தப் பழக்கத்தை மீண்டும் தருவானாக. ஆமீன்.