உறையாத காந்தமும் இடம் மாறிய அணுக்களும்

1973-ல் பிலிப் ஆண்டர்சன் ஒரு விசித்திரமான காந்தத்தைக் கற்பனை செய்தார். காந்த அணுக்களைச் சிறு அம்புகளாக எண்ணிக்கொள்வோம். அண்டையிலுள்ள அம்புகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்க விரும்புபவை. முக்கோணத்தின் முனைகளில் அவற்றை நிறுத்தினால் இரண்டு இணங்கிப்போகும். மூன்றாவது எப்பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருடன் பகைதான். இந்தத் தீராப் பிணக்கினால், தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கினாலும் அம்புகள் உறையாமல், இணை சேர்ந்தும் இணை மாற்றியும் கிடக்கும் என்றார் அவர். குவாண்டம் சுழல் திரவம் என்று இன்று அழைக்கப்படுவது இதுவே.

இதே ஆண்டர்சன்தான் 1975-ல் சாம் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து, அம்புகள் தாறுமாறான திசைகளில் உறைந்துபோகும் 'சுழல் கண்ணாடி'க்கும் கோட்பாடு வகுத்தவர். அது ஒழுங்கின்மையின் பிள்ளை. திரவமும் கண்ணாடியும் ஒரே சிந்தையில் உதித்தவை. பின்வந்தோருக்கு இரண்டையும் பிரித்தறிவதே பெரும்பாடாயிற்று.

முதல் பெரும் நம்பிக்கை ஹெர்பர்ட்ஸ்மித்தைட் என்னும் பச்சைக் கனிமம். பிரிட்டிஷ் அருங்காட்சியகக் கனிமவியலாளர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. 2005-ல் எம்.ஐ.டி.யில் டேனியல் நொசேராவின் குழு இதைத் தூய நிலையில் ஆக்கிக் காட்டியது. இதன் தாமிர அணுக்கள் 'ககோமே' வலையில், அதாவது ஜப்பானியக் கூடைப் பின்னலின் வடிவில், அமைந்தவை. 0.05 கெல்வின் வரை குளிர்வித்தும் காந்த ஒழுங்கு தோன்றவில்லை என்று 2007-ல் அறிவித்தார்கள்.

ஆயினும் ஒரு சிக்கல். தாமிர அயனியும் துத்தநாக அயனியும் பருமனில் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அடுக்குகளுக்கு நடுவே துத்தநாகம் அமரவேண்டிய இடங்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தாமிரம் பிடித்துக்கொண்டிருப்பதை 2010-ல் எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது. தனித்து நிற்கும் இந்த அம்புகள் தாழ்ந்த வெப்பநிலையில் உரக்கக் குரலெழுப்புபவை. வலையின் மெல்லிய குரல் அதில் அமுங்கிப்போகிறது. திரவத்தைக் கிளர்த்தக் குறைந்தபட்ச ஆற்றல் தேவை என்று 2015-ல் ஒரு குழு சொன்னது; அப்படி எதுவும் தேவையில்லை என்று 2020-ல் இன்னொரு குழு சொன்னது. இரண்டும் அதே கனிமத்தை, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் அதே முறையால் ஆராய்ந்தவை!

இன்னும் சுவையானது இட்டர்பியம், மக்னீசியம், காலியம் கலந்த ஓர் ஆக்சைடின் கதை. 2015-ல் சீனாவில் முன்வைக்கப்பட்ட இது, முக்கோண வலைக்கு அப்பழுக்கற்ற சான்று போலத் தோன்றியது. நியூட்ரான் சிதறலில் கூர்முனைகள் இல்லை. பரந்த மங்கல் ஒளி மட்டுமே. ஆனால் இட்டர்பிய அடுக்குகளுக்கு இடையில் மக்னீசியமும் காலியமும் பாதிக்குப் பாதி, குலுக்கிப்போட்டாற்போல் அமர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு மின்னேற்றம் 2, மற்றதற்கு 3. எனவே ஒவ்வோர் இட்டர்பியமும் தன்னைச் சுற்றி வேறுவேறு மின்புலத்தை உணர்கிறது. 2016-ல் வெப்பக் கடத்தலை அளந்தவர்கள், திரவத்தின் கிளர்ச்சிகள் வெப்பத்தைச் சுமந்து செல்லும் அடையாளம் இல்லை என்றார்கள். மறு ஆண்டு கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்துக் கோட்பாட்டாளர்கள், வரிவரியான சாதாரண ஒழுங்கு இந்தக் கலப்பினால் துண்டுதுண்டாகச் சிதறினாலே அந்த மங்கல் ஒளி கிட்டிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினர். திரவத்தின் வேடமிட்ட ஒழுங்கின்மை! கண்டுபிடிப்புகளுக்குக் கிடைக்கும் ஆரவாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இத்தகைய மறுப்புகளுக்குக் கிடைப்பதில்லை என்பது நம் மனக்குறை.

ஒழுங்கின்மை எப்போதும் வில்லன் என்றும் சொல்வதற்கில்லை. அதே 2017-ல் லூசில் சாவரியும் லியோன் பேலண்ட்ஸும், சுழல் பனி எனப்படும் சில காந்தங்களில் படிகக் குறைகளே அம்புகளை அசைத்துக் குவாண்டம் திரவத்தை உண்டாக்கக்கூடும் என்று எழுதினார்கள்.