ஆசிரியர் உருட்டிவிட்ட பந்து

2004இல் சுனாமியைப் பார்த்த காரைக்கால்காரங்களுக்கு வெள்ளத்தோட வேதனையைச் சொல்லித் தெரியணுமா? 2014 செப்டம்பரில் ஸ்ரீநகர் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகும் இளைஞர்கள் செய்வதறியாது முடங்கிக் கிடந்தார்கள். 'காஷ்மீர் மானிட்டர்' நாளிதழ் ஆசிரியர் ஷமீம் மெராஜுக்கு மனசு கேட்கவில்லை. நண்பர் சந்தீப் சட்டுவோடு சேர்ந்து அவர்களுக்குக் கால்பந்துகள் வாங்கிக் கொடுத்தார். ஒருவர் முஸ்லிம், மற்றவர் பண்டிதர்.

2016இல் இருவரும் 'ரியல் காஷ்மீர்' அணியைத் தொடங்கினர். 2018இல் ஐ-லீக்கில் நுழைந்த முதல் காஷ்மீர் அணி அதுதான். அந்த முதல் தொடரிலேயே மூன்றாமிடம்! கோப்பை நம்ம சென்னை சிட்டிக்கு.

நண்பர்களே, சந்திச்சோம், சாப்பிட்டோம்னு கலைஞ்சு போகாம, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நாலு பந்தாவது வாங்கிக் கொடுப்போமே!