நன்றியுரையில் மட்டும் அம்மா: மாணவர் எழுத்து பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இந்த மூணும் இல்லேன்னா கட்டுரைக்கு மார்க் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து நமக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். 'நான் சென்ற சுற்றுலா' என்று தலைப்புக் கொடுப்பார்கள். பக்கத்து ஊர்ச் சந்தையைத் தாண்டிப் போகாத பிள்ளைகள் நாங்கள், நோட்ஸைப் பார்த்து ஊட்டிக்கும் மகாபலிபுரத்துக்கும் போய் வந்து எழுதினோம். கடிதம் என்றால் விடுப்பு விண்ணப்பம். 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று முடியும். கீழ்ப்படிதலைச் சேரிப் பிள்ளைகளுக்குத் தனியாக வேறு சொல்லித்தரணுமா என்ன? கல்லூரிக்குப் போனால் ஆய்வேடு. அங்கே 'நான்' என்ற சொல்லே வரக்கூடாது. 'ஆய்வாளர் கருதுகிறார்' என்று நம்மை நாமே யாரோ மாதிரி எழுதணும்.

பள்ளிக்கூடம் நம்மிடம் ஒரு பொய்யான 'நானை'க் கேட்டு வாங்குகிறது. பல்கலைக்கழகம் உண்மையான 'நானை' அடித்துவிடச் சொல்கிறது. அறிவு எழுத்து ஒரு பக்கம், சொந்த எழுத்து இன்னொரு பக்கம் என்று போட்டிருக்கும் இந்த வேலி எப்போதும் இருந்ததுதானா? நம்முடைய மாணவர்கள் முதன்முதலில் எழுத வந்தபோது என்ன எழுதினார்கள், எப்படி எழுதினார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

1855ஆம் ஆண்டு. புனே நகரம். ஜோதிராவ் பூலேவும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற பதினாலு வயசுப் பெண், மாங் சாதியைச் சேர்ந்தவள், ஒரு கட்டுரை எழுதினாள். மாங்குகள், மகர்களின் துயரம் பற்றியது அது. 'ஞானோதயா' என்ற மராத்திப் பத்திரிகை அந்த ஆண்டே அதை வெளியிட்டது. இந்தியாவில் ஒரு தலித் பெண் எழுதி அச்சில் வந்து இன்று நம் கைக்குக் கிடைக்கிற எழுத்துகளில் மிகப் பழையது இதுதான். அதுவொரு பள்ளிக்கூடக் கட்டுரை என்பதை மறந்துவிட வேண்டாம். கவிதையும் இல்லை, கதையும் இல்லை. டீச்சர் எழுதச் சொல்லி மாணவி எழுதுகிற அதே சங்கதிதான்.

அந்தப் பெண் என்ன செய்கிறாள் பாருங்கள். முதலில் தர்க்கம். வேதம் எங்களுடையது, நாங்கள் மட்டும்தான் பார்க்கலாம் என்கிறார்கள் பார்ப்பனர்கள். சரி, அப்படியானால் எங்களுக்கு வேதநூல் கிடையாது. நூல் இல்லாத எங்களுக்கு மதமும் கிடையாது என்றுதானே ஆகிறது? ஒருவர் மட்டும் அனுபவிக்க, மற்றவரெல்லாம் பறிகொடுத்து நிற்கிற மதம் பூமியிலிருந்து ஒழியட்டும் என்று போகிறாள். எதிராளியின் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை எடுத்து, அதை வைத்தே அவனை மடக்குவது. இன்றைக்கு 'ஆய்வு முறையியல்' என்று தலையணை மொத்தத்துக்குப் புத்தகம் போட்டுச் சொல்லித்தருவதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து வரலாறு. பேஷ்வா ஆட்சியில் கட்டிடங்களுக்கு அஸ்திவாரம் போடும்போது செந்தூரம் கலந்த எண்ணெயைக் குடிக்க வைத்து எங்கள் ஆட்களைப் புதைத்தார்கள் என்று எழுதுகிறாள். எங்களில் ஒருவன் படிக்கிறான் என்று தெரிந்தால் பாஜிராவ் என்ன சொல்வார், என்ன செய்வார் என்று எழுதுகிறாள். இவளுக்கு இதெல்லாம் எந்த நூலகத்திலிருந்து கிடைத்திருக்கும்? வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டதுதான் ஆதாரம். பாட்டன் சொன்னதை ஆவணமாக வைக்கிறாள் ஒரு சின்னப்பெண். அப்புறம் பிரசவம். கூரைகூட இல்லாத இடத்தில், மழையிலும் குளிரிலும் எங்கள் பெண்கள் பிள்ளை பெறுகிறார்களே, அந்த வலியை உங்கள் வீட்டுப் பெண்களின் பிரசவத்தை வைத்து யோசித்துப்பாருங்கள் என்கிறாள். இதை எந்த வகையில் சேர்ப்பீர்கள்? ஆய்வா, அனுபவமா? அவளுக்கு அந்த வேலியே தெரியாது. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராமல் விட்டது நல்லதாப் போச்சு.

இன்னொன்றையும் நாம் கவனிக்கணும், கொஞ்சம் கசக்கும். மகர்களும் பார்ப்பனர்களைப் பார்த்து மாங்குகளைவிடத் தாங்கள் உசத்தி என்று நினைக்கிறார்கள், மாங்கின் நிழல் பட்டாலே தீட்டு என்கிறார்கள் என்றும் அவள் எழுதிவிட்டாள். கட்டுரையின் தலைப்பில் இரண்டு சாதியையும் சேர்த்தே வைத்தவள்தான் இதையும் சொல்கிறாள். நம்ம ஊரில் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இயக்கம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

முக்தாபாயின் எழுத்தில் இந்த ஒரு கட்டுரைதான் நமக்குக் கிடைக்கிறது. சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்த இந்தியப் பெண் எழுத்துத் தொகுதி 1991இல் ஆங்கிலத்தில் வந்தபோதுதான் மராத்திக்கு வெளியே பலர் இதைப் படித்தார்கள். இடையில் நூற்றி முப்பத்தாறு வருசம்.

நம்ம பக்கம் வருவோம். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை எழுதினார். 1893இல் 'பறையன்' என்று பத்திரிகைக்கே பெயர் வைத்த மனிதர். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். அவர் தன் மாணவப் பருவம் பற்றி எழுதியிருப்பது கொஞ்சம்தான். கோயம்புத்தூரில் படித்தபோது நானூறு பிள்ளைகளில் ஏறக்குறையப் பத்துப் பேரைத் தவிர மீதி எல்லாரும் பார்ப்பனர். தன் சாதி, குடியிருக்கிற இடம் எதுவும் தெரிந்துவிடக்கூடாது என்று மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து தனியாக வாசித்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் பள்ளி விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி விடுவிடுவென்று நடையைக் கட்டுவார். விளையாட்டே கிடையாது. வெளியில் அந்தப் பெயரைக் கொடியாக ஏந்தியவர், பள்ளிக்கூட வாசலில் அதை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. அதை எழுத ஒரு முழு வாழ்நாள் ஆகியிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கட்டுரை நோட்டில் இதை எழுத அன்றைக்கு இடம் இருந்திருக்குமா?

அம்பேத்கரிடம் வரும்போது இந்த விசயம் இன்னும் தெளிவாகிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கிறார். அப்போது வயது 25. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று அதுவரை சாதி பற்றிப் பேசியவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரின் விளக்கத்திலும் எங்கே ஓட்டை என்று காட்டுகிறார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்கிறார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமானால் கணவனை இழந்தவளையும் மனைவியை இழந்தவனையும் என்ன செய்வது? உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் இந்தக் கணக்கைச் சரிக்கட்ட வந்தவைதான் என்று நிறுவுகிறார். பெண்ணின் உடம்பைப் பூட்டிவைத்துத்தான் சாதி நிற்கிறது என்று நாம் இன்றைக்குப் பேசுவதற்கு அந்த மாணவரின் கருத்தரங்கக் கட்டுரைதான் வேர். 1917 மே மாதம் 'இந்தியன் ஆண்டிக்குவரி' இதழில் அது அச்சானது.

சத்தாராவில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது அவர் உட்காரத் தனியாக ஒரு சாக்குத்துணி. அதைத் தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டுக்கே எடுத்துப் போகணும். குழாயைத் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வரலேன்னா தாகத்தோடு கிடக்கணும். அந்தச் சாக்கும் அந்தக் குழாயும் கொலம்பியாக் கட்டுரைக்குள் வரவில்லை. கட்டுரை அச்சேறிய அதே 1917இல்தான், உதவித்தொகை ஒப்பந்தப்படி வேலை பார்க்க அவர் பரோடா போகிறார். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றுகிறது. நண்பர்கள் இருவரிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், ராத்திரி ரயிலுக்காக ஒரு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார், உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு வந்த மனிதர்.

இதையெல்லாம் அவர் எழுதினார். 1930களில், 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தலைப்பில், கையெழுத்துப் பிரதியாக. எடுத்த எடுப்பிலேயே அவர் பேசுவது எழுத்து முறையைப் பற்றித்தான். தீண்டாமை எப்படிப்பட்டது என்று வெளிநாட்டாருக்குப் புரியவைக்க இரண்டு வழி உண்டு, பொதுவாக விவரிக்கலாம், இல்லையென்றால் நடந்த நிகழ்ச்சிகளைச் சொல்லலாம், இரண்டாவதுதான் பலன் தரும் என்று சொல்லி, தன் அனுபவத்தையும் மற்றவர்களின் அனுபவத்தையும் எடுத்துக்கொள்கிறார். முதல் வழியில் அவரைவிடத் தேர்ந்தவர் யாரும் இல்லை. ரூபாய் பற்றி, மாகாண நிதி பற்றி எழுதிப் பட்டங்கள் வாங்கியவர். தெரிந்தேதான் இரண்டாவது வழிக்கு வருகிறார்.

முதல் நிகழ்ச்சி ஒரு பயணம். நம்ம 'நான் சென்ற சுற்றுலா'தான். 1901. கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறிப் போகிறார்கள் பிள்ளைகள். மசூர் ஸ்டேசனில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக ஆள் வரவில்லை. மகர் என்று தெரிந்ததும் ஸ்டேசன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரண்டு மடங்கு கூலி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டணும், வண்டிக்காரன் கூடவே நடந்து வருவான் என்று பேச்சு முடிகிறது. கையில் கட்டுச்சோறு நிறைய இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. முஸ்லிம் என்று சொல்லிப்பார் என்று யோசனை சொல்கிறார்கள், உருதுவில் கேட்டும் கிடைக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பட்டினி. இந்தக் கட்டுரைக்கு எந்த வாத்தியார் எத்தனை மார்க் போட்டிருப்பார்?

அந்தப் பிரதி அவர் உயிரோடு இருந்தவரை அச்சில் வரவில்லை. 1990இல், அவர் பிறந்த நூற்றாண்டை ஒட்டித்தான், மக்கள் கல்விக் கழகம் சிறு நூலாக வெளியிட்டது. இன்று அதே கொலம்பியாவில் மாணவர்கள் அதை வகுப்பில் படிக்கிறார்கள். 1916இல் கருத்தரங்கு அறைக்குள் வராத சாக்குத்துணி எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

நாக்பூரின் குமுத் பாவ்டே பற்றி ஒரு வார்த்தை. தலித் பெண். சமஸ்கிருதத்தில் எம்.ஏ. படித்தவர். முதல் வகுப்புப் பட்டம் இருந்தும் வேலை இல்லை. சாதி மாறி மணம் செய்துகொண்டு பெயருக்குப் பின்னால் கணவர் வீட்டுப் பெயர் வந்தபிறகுதான் கல்லூரி வேலை கிடைத்தது. 1981இல் 'அந்தஸ்ஃபோட்' நூலில், அந்த வேலை கிடைத்தது குமுத் சோம்குவருக்கு இல்லை, பாவ்டே என்ற பெயருக்குத்தான் என்று எழுதிவிட்டார். சமஸ்கிருதப் பேராசிரியரே தன் நியமன ஆணையைப் பிரித்துப் பொருள் சொன்ன எழுத்து அது.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா எழுதி வைத்துப் போனதையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டியிருக்கிறது, வைக்கக் கை வரவில்லை. அறிவியல் எழுத்தாளனாக ஆசைப்பட்டவர். எழுத வாய்த்தது ஒரு கடிதம். அதற்குள் ஏழு மாத உதவித்தொகை பாக்கி என்கிற கணக்கும் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். எம்.ஃபில். ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் தெருவின் சாவுச் சடங்குகள். முதல் இயலில் 'எங்கள் தெருவில்' என்று எழுதியிருந்தேன். நெறியாளர் சிவப்பு மையில் அடித்துவிட்டு 'ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட குடியிருப்பில்' என்று போட்டார். "உங்க உணர்ச்சியெல்லாம் இங்க வேண்டாம் தம்பி, நன்றியுரைல எழுதிக்குங்க" என்றார். கெட்ட மனுசர் இல்லை, நல்லதுக்குச் சொன்னதாகத்தான் நினைத்தார். தன் சொந்த ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றி அவர் எழுதிய நூலில் பக்கத்துக்குப் பக்கம் 'எம் முன்னோர்' வருவதை நான் பிறகுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் நூலகத்தில் நம் பிள்ளைகளின் ஆய்வேடு கிடைத்தால் நன்றியுரையை முதலில் புரட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 'கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்த என் தாய்க்கு', 'செங்கல் சூளையில் உழைத்துக் கட்டணம் கட்டிய தந்தைக்கு'. உள்ளே விவசாயத் தொழிலாளர் பற்றி அஞ்சு இயல் இருக்கும், அட்டவணை இருக்கும், அந்த அம்மா இருக்க மாட்டாள்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது இது நாவலா, தன்வரலாறா, இலக்கியமா என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு பாடத்திட்டத்தில் ஏறியது, தேர்வில் கேள்வி ஆனது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திலிருந்து பாமா, சுகிர்தராணி இருவரின் படைப்புகளையும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யையும் சேர்த்து எடுத்துவிட்டது. உள்ளே விடுவதற்கும் வெளியே தள்ளுவதற்கும் ஒரு குழு கூடினால் போதும்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிஎச்.டி. முடிக்கிறாள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்களின் உழைப்பு பற்றிய ஆய்வு. அவளுடைய அம்மாவும் அந்த வேலைக்குப் போகிறவர்தான். "அண்ணே, அம்மாவ நன்றியுரைல போட்டிருக்கேன், பாருங்க" என்று கொண்டுவந்தாள். அங்கேயிருந்து எடுத்து இரண்டாம் இயலில் வை என்றேன். வேலை அட்டையில் பதிந்த நாளும் உண்மையில் போன நாளும் கூலி வந்த தேதியும் அம்மா வாயாலேயே வரட்டும், நீ மகள் என்பதையும் அங்கேயே சொல், பக்கத்திலேயே அரசாங்கத்தின் புள்ளிவிவரத்தையும் வை என்றேன். ரெண்டு மாசம் யோசித்தாள். நெறியாளரிடம் சண்டை போட்டாள். கடைசியில் அம்மா இரண்டாம் இயலுக்குப் போய்விட்டார், பதினெட்டுப் பக்கம். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விகளை நானும் அவளும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.