கோணமலைக் கடலில் இரண்டு நண்பர்கள்

1956ஆம் ஆண்டு இரண்டு ஆங்கிலேய நண்பர்கள் கடலுக்கடியில் நீந்திப் பார்க்கவென்று இலங்கைக்கு வந்தார்கள். ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். செய்மதிகளைக் கொண்டு உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர், விஞ்ஞானக் கதைகளால் பெயர் பெற்றவர். மற்றவர் மைக் வில்சன், சுழியோடி, புகைப்படக்காரர். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பவளப் பாறைகளைப் பார்க்கப் போகும் வழியில் கிளார்க்கின் கப்பல் கொழும்பில் தரித்தது. அந்த அரைநாள் தரிப்பில் அவருக்கு இந்தத் தீவு பிடித்துப்போயிற்று. விடுமுறைபோலத் தொடங்கியது ஐம்பத்திரண்டு வருடம் நீண்டது. 2008 மார்ச்சில் கொழும்பில்தான் அவர் கண்ணை மூடினார்.

அவர்கள் கொண்டுவந்த கருவி அன்றைக்குப் புதிது. பிரான்ஸில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943இல் உருவாக்கியது. முதுகில் ஓர் உருளை, வாயில் ஒரு குழாய், காலில் துடுப்பு. நம் பக்கத்தில் அதை ஒட்சிசன் சிலிண்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பது ஒட்சிசன் அல்ல, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. இந்த வேறுபாட்டைச் சும்மா சொல்லவில்லை. பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

கொழும்பில் ரொட்னி யொங்க்ளாஸ் என்ற பறங்கியர் சமூகத்துச் சுழியோடியின் துணையும் அவர்களுக்குக் கிடைத்தது. தெகிவளை மிருகக்காட்சிச் சாலையில் பணியாற்றிய அவருக்கு இலங்கைக் கடலின் மீன்கள் அத்துப்படி. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கும் மாதங்களில் கிழக்குக் கரை கண்ணாடிபோலத் தெளிந்து கிடக்கும். ஆகவே திருகோணமலை. துறைமுகம் அப்போதும் பிரித்தானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது. 1957 ஒக்டோபரில்தான் அது இலங்கைக்குக் கைமாறியது. நண்பர்கள் வந்த அதே 1956இல், ஜூன் மாதம், சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டம் நிறைவேறியது. கடலுக்குமேல் இந்த நாடு வேறொரு திசையில் திரும்பிக்கொண்டிருந்த வருடம் அது.

பிரட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து மேலே ஏறினால் கோணேசர் மலை. ஆங்கிலேயர் சுவாமி மலை என்று எழுதுவார்கள். மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. மலைமேல் இருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா 1620களின் தொடக்கத்தில் இடித்தான். இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினான். கோட்டை வாயிலில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கிய கல்லை இன்றும் பார்க்கலாம். மிச்சக் கற்கள் கடலுக்குப் போயின. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டும்போது நிலத்துக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்தன. அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் நண்பர்கள் இருவரும் மலையடிக் கடலில் இறங்கிச் செதுக்கு வேலை செய்த தூண்களையும் கற்களையும் படமெடுத்தார்கள். கோயிலின் சுயம்பு லிங்கத்தை மீட்டதும் வில்சன்தான் என்று சொல்லப்படுகிறது. 1957இல் கிளார்க் அந்தப் பயணத்தைப் புத்தகமாக்கினார். "தப்ரபேன்" என்ற பழைய கிரேக்கப் பெயரைத் தலைப்பில் வைத்து எழுதிய புத்தகம் அது. படங்கள் வில்சனுடையவை.

அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் "கிளார்க்கும் வில்சனும் கண்டுபிடித்தார்கள்" என்ற வாக்கியம் இருக்கிறது. அவர்கள் படமெடுத்தார்கள், எழுதினார்கள். அதன் பெறுமதி பெரிது. அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் கண்டுபிடித்தார்கள் என்பது வேறு. மலைக்குக் கீழே கோயில் கல் கிடக்கிறது என்பது திருகோணமலையில் யாருக்குத்தான் தெரியாது? அந்தக் கடலில் தூண்டில் போட்டவன், சங்குக்கு மூழ்கியவன் என்று எத்தனை தலைமுறை! அவர்களிடம் கமெரா இல்லை, பதிப்பகம் இல்லை.

நம் சமுத்திரத்தில் மூழ்கியவர்கள் பற்றி எழுத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்நியர் எழுதியதே. 1344இல் மாலைத்தீவிலிருந்து வந்து கரைசேர்ந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் அரண்மனையில் முத்துக்களைப் பார்த்ததை எழுதினார். 1905இல் மன்னார்ப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பு சரித்திரத்திலேயே மிகப் பெரியது. ஒரே பருவத்தில் எட்டுக் கோடிச் சிப்பிகள். கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் சுழியோடிகள் வந்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்கினார்கள், ஒரே மூச்சுக்கு அள்ளினார்கள். சுறாவின் வாயைக் கட்டக் "கடல்கட்டி" என்று ஒருவர் கரையில் மந்திரம் ஓதிக்கொண்டிருப்பார். அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. அடுத்த வருடமே அரசாங்கம் முத்துப்பாரை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. சில வருடங்களில் எல்லாம் வற்றிப்போயிற்று.

எங்கள் கிண்ணியாவின் கதை இன்னும் சிறியது, இன்னும் குறைவாகத் தெரிந்தது. ஊரை ஒட்டிய தம்பலகாமம் குடாவில் வேறொரு சிப்பி விளைந்தது. தட்டையானது, ஒளி ஊடுருவுமளவு மெல்லியது. அதன் முத்து நகைக்கு உதவாது. மருந்துக்கும், வசதியுள்ளவர்கள் வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்புக்கும் இந்தியாவுக்குப் போயிற்று. 1850களில் கெலார்ட் என்ற இயற்கை ஆய்வாளரும், 1900களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னலும் அதைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். சிப்பியின் உடலமைப்பு, வளரும் காலம், குத்தகைக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. சேற்றுத் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவி எடுத்த ஒருவருடைய வாழ்க்கையும் எழுதப்படவில்லை.

இனி நம் இலக்கிய வட்டத்தில் அடிக்கடி பேசப்படும் வெள்ளிக் காசுகளுக்கு வருகிறேன். 1961 மார்ச்சில் மைக் வில்சன் அமெரிக்கச் சிறுவர் இருவரோடு தெற்கே, கிரிந்தைக்கு அப்பால், பெரிய இராவணன் கோட்டைப் பாறைத்தொடரில் மூழ்கியபோது ஓர் உடைந்த கப்பலைக் கண்டார். பீரங்கிகள்; பவளம் பிடித்துக் கட்டிகளாக இறுகிப்போன வெள்ளி ரூபாய்கள். எல்லாம் சூரத் அக்கசாலையில் ஔரங்கசீப்பின் பெயரில் அடிக்கப்பட்டவை. ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1702 அளவில். கலிமா பொறித்த காசு கண்டவர் கையிலும் காலிலும் படக்கூடாது என்று நாணயங்களிலிருந்து கலிமாவை நீக்கியவர் அந்தப் பாதுஷா. அந்தக் காசுகள் இரண்டரை நூற்றாண்டு பாரும் பாசியும் மூடிக் கிடந்தன. இரண்டு வருடம் இரகசியம் காத்து, 1963இல் ஒரு குழுவோடு போய் நண்பர்கள் இன்னும் சிலவற்றை எடுத்தார்கள். 1964இல் கிளார்க் அதையும் புத்தகமாக்கினார்.

இதைக் கேட்டதும் நம்மவர் சிலர் "முஸ்லிம் கப்பல்" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. சூரத் ரூபாய் அன்றைக்கு இந்து சமுத்திரம் முழுவதும் செல்லுபடியான பணம். குஜராத்தி முஸ்லிம் வர்த்தகரும் ஏற்றினார், பனியாவும் ஏற்றினார், ஒல்லாந்துக் கம்பனியும் ஆங்கிலக் கம்பனியும் ஏற்றின. காசில் பாதுஷாவின் பெயர் இருப்பதால் கப்பலில் பாங்கு சொன்னார்கள் என்று ஆகிவிடாது. ஆதாரம் இல்லாத பெருமையால் நம் சரித்திரத்துக்கு ஒரு வரியும் கூடப்போவதில்லை. ஆதாரம் இருக்கிற விடயங்களைத்தான் எழுதாமல் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962இல் வில்சன் "ரன்முத்து தூவ" என்ற படத்தை எடுத்தார். சிங்களத்தின் முதல் வர்ணப்படம். திருகோணமலைக் கடலும் கோயிலும் அதில் வருகின்றன. வசூல் வென்றது. அதே வருடம் கிளார்க்கின் உடல் செயலிழந்தது. முதலில் முதுகெலும்பில் அடி என்றார்கள், பிறகு போலியோ என்றார்கள். மெல்ல எழுந்தார், முதுமையில் அதே நோயின் மிச்சம் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது. அப்போதும் தண்ணீருக்குள் இறங்கினால் தனக்கு ஒரு குறையும் இல்லை என்பார். வில்சன் பின்னர் படத்தையும் கடலையும் துறந்து சுவாமி சிவ கல்கி ஆனார். 1995இல் இந்த நாட்டிலேயே காலமானார்.

யுத்த காலத்தில் கோணமலைக் கடலில் உல்லாசமாக மூழ்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். மீன்பிடிக்கே நேரக்கட்டுப்பாடு, பாஸ். 2004 ஆழிப்பேரலை கிண்ணியாவைக் கழுவிப்போட்டது, ஆஸ்பத்திரியும் போயிற்று. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். 2009இல் யுத்தம் ஓய்ந்தது. அதே வருடம் ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும் திறந்தது. அதுவரை நாங்கள் நகரத்துக்குப் போக "பாதை"யில்தான் ஏறவேண்டும். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றித் துறை கடக்கும் மிதவை. பாலம் வந்தும் பாதை ஒழியவில்லை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் அப்படி ஒரு மிதவை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மௌத்தானார்கள்.

2013இல் கீழக்கரை நண்பர் ஒருவர் வந்தார். அவருடைய மூத்த வாப்பாவின் வாப்பா முத்துக்குளித்தவராம். கோணமலையடியைப் பார்த்தே தீருவேன் என்று நின்றார். கொழும்பிலிருந்து புறப்பட்ட பஸ் ஹபரணைக்கு முன்னால் நின்றுவிட்டது. இறங்கி வேறு பஸ்ஸில் தொற்றியபோது எங்கள் முகக்கண்ணாடியும் துடுப்புகளும் இருந்த பை மட்டக்களப்புக்குப் போகிற வண்டிக்குள் ஏறிவிட்டது. அது மூன்றாம் நாள் திரும்பி வந்தது. துடுப்பு இருந்தது, கண்ணாடி இல்லை. இரவல் கண்ணாடியோடு படகேறினால், மலைக்கு எதிரே எஞ்சின் அணைந்தது. ஒரு மணி நேரத்துக்குமேல் நீரோட்டம் எங்களை வெளியே இழுத்தது. மூதூர்ப் படகு ஒன்று கயிறு போட்டு இழுத்துவந்தது. நண்பர் ஆயத்துல் குர்ஸியை எத்தனை தடவை ஓதினார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள்தான் இறங்கினோம். கூட்டிப்போன காக்கா கரையில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். தண்ணீருக்குள் அவரைப் பார்க்கவேண்டும். எங்களைவிட இருபது வயது மூத்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சதுரத் தூண் ஒன்றைக் காட்டினார். பாசி மூடியிருந்தது. அதன் இடுக்கில் ஒரு களவாய் மீன் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. மேலே வந்ததும் நண்பர் காலைப் பற்றிக் கேட்டார்.

"அட்டைக்குப் போனது தம்பி" என்றார் காக்கா. "தண்ணிக்குள்ள எறங்கினா வலி இல்ல. கரையிலதான் வலி."

கிளார்க் சொன்னதையும் இதையும் ஒரே நேர்கோட்டில் வைத்துவிடக்கூடாது. காக்கா சொன்னதற்குக் காரணம் வேறு. ஆழத்தில் பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அடைத்த காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். முப்பது மீற்றரில் மனிதன் நாலு மடங்கு அழுத்தத்தில் அந்தக் காற்றை இழுக்கிறான். நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் மூச்சோடு போய்விடும். விரைந்து வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடலுக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலிக்கும், முள்ளந்தண்டில் கட்டினால் கால் விழும், சிறுநீர் அடைபடும். மீண்டும் ஆழத்துக்குப் போனால் குமிழி சுருங்கி வலி விடும். அதனால்தான் பலர் வலித்தால் திரும்ப மூழ்குகிறார்கள், நிலைமையை மோசமாக்கிக்கொள்கிறார்கள். முறையான சிகிச்சை அழுத்த அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுப்பது. ஒவ்வொரு மணி நேரமும் பெறுமதியானது.

கடலட்டையை நம் ஊரில் யாரும் தின்பதில்லை. அவித்து, காயவைத்து, சீனச் சந்தைக்குப் போகிறது. கரையோரத்தில் தீர்ந்தபோது இளைஞர்கள் ஆழத்துக்குப் போனார்கள். இரவில் டோர்ச் அடித்து, ஒரே இரவில் இரண்டு மூன்று சிலிண்டர் முடித்து வருகிறார்கள். கிளார்க்கின் தோளில் விடுமுறைச் சாமானாக வந்தது கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளின் தோளில் ரிஸ்க்காக ஏறியது. பயிற்சி யாரும் தரவில்லை. நானா தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். அட்டைக்கு விலை உண்டு, மூழ்குபவனுக்குக் கிடைப்பது அதில் சொற்பம். கால் விழுந்தவனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் முதலாளி படகுக்காரனைக் காட்டுகிறார், படகுக்காரன் கத்ரைக் காட்டுகிறான்.

நண்பர் ஊர் போனபிறகு நான் மட்டும் ஒரு கொப்பியோடு காக்காவைத் தேடிப் போனேன். தன்னோடு அட்டைக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். எந்தப் பருவம், எத்தனை பாகம் ஆழம், மேலே வந்து எத்தனை மணி நேரத்தில் கால் மரத்தது, ஆஸ்பத்திரிக்கு எதில் ஏற்றிப்போனார்கள் என்றெல்லாம் சொன்னார். ஒருவரைப் பாதையில் கடத்தும்போதே உயிர் போயிற்று. இடையில் இரண்டு பெயர்களுக்கு அவருடைய மனைவி திருத்தம் சொன்னார். அவர்கள் அவருடைய உறவு. கொப்பியில் இப்போது பதினொரு பெயர்கள் இருக்கின்றன. நாலு வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார்கள், மற்றவர்களிடம் இன்னும் கேட்கவேண்டும். ஆகவே பெயர்களை இங்கே தரவில்லை.