மிஞ்சிய பாலாடை நெய்யான வரலாறு

நாள்தோறும் காய்ச்சும் பாலில் ஆடை படிகிறது. மிஞ்சும் ஆடையைக் கெடாமல் காப்பது எப்படி? குளிர்பதனப் பெட்டி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் இதற்கு விடை கண்டனர். பாலை உறை ஊற்றிக் கடைந்து, வெண்ணெயை உருக்கி நெய்யாக்கினர்.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் விடியலில் தயிர் கடைகிறாள். மோரை விற்றுத் தானியம் பெறுகிறாள். நெய்க்கு மட்டும் பொன்னை ஏற்காமல் எருமையும் பசுவும் வாங்குகிறாள். மோர் அன்றாட உணவாயிற்று. நெய்யோ மந்தையைப் பெருக்கும் செல்வமாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் விடப்பட்டன.

இனி, கடைவதைப் பார்ப்போம். பாலிலுள்ள கொழுப்புத் துளிகளை மெல்லிய படலம் சூழ்ந்துள்ளது. மத்தின் அடியில் அது கிழியவே, துளிகள் ஒட்டித் திரள்கின்றன. குற்றாலத்தில் சாரல் வீசும் ஆனி, ஆடியில் தென்காசி வட்டாரம் குளிர்ந்திருக்கும். கொழுப்பு இறுகித் திரளத் தாமதித்தால் சிறிது வெந்நீர் விளாவலாம். கோடையில் கொழுப்பு இளகிவிடும். அப்போது குளிர்ந்த நீர் வேண்டும்.

வெண்ணெயில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீர் உண்டு. கிருமிகள் வளர அந்த நீரே துணை. உருக்கும்போது எழும் சடசட ஓசை நீர் ஆவியாவதால் உண்டாவது. நல்ல நெய்யில் எஞ்சும் நீர் அரை விழுக்காட்டைத் தாண்டாது. ஆகவே அது மாதக்கணக்கில் கெடாது.

1878இல் சுவீடனின் குஸ்தாவ் டி லாவல், பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்தை அமைத்தார். ஆலைகள் பெருகின. ஆயினும் ஒரு கிண்ணம் ஆடையைக் காக்க, வீட்டுக்கு ஒரு மத்தும் அடுப்பும் இன்றும் போதும்.