செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8: எஞ்சின்–கியர்பெட்டிப் பொருத்தம்

செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினின் பின்னால் இருந்த கியர்பெட்டியைக் கழற்றிவிட்டு, வேறொரு மாடலுக்கோ ஆண்டுக்கோ உரிய கியர்பெட்டியைப் பூட்டும்போது, இடையில் வரும் பாகங்களை இனம்பார்த்துச் சேர்க்கும் வேலை இது. ஃப்ளைவீல் அல்லது ஃப்ளெக்ஸ்பிளேட், கிளட்ச் அல்லது டார்க் கன்வெர்ட்டர், ஸ்டார்ட்டர், கிராஸ்மெம்பர், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவை இதில் அடங்கும்.

வரலாறு

எட் கோல் தலைமையில் உருவான 265 கன அங்குல வி8 எஞ்சின், 1955 மாடல் கார்களில் அறிமுகமானது. பிளாக்கின் பின்முகத்தில், கியர்பெட்டியின் முன்கூடான பெல் ஹவுசிங்கைப் பூட்ட அன்று அமைத்த போல்ட் துளை வரிசையைச் செவ்ரலே பல பத்தாண்டுகளுக்கு மாற்றவில்லை. 1962இல் வந்த புதிய ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கும் 1965இல் வந்த 396 பிக் பிளாக்குக்கும் அதே வரிசைதான். ஜெனரல் மோட்டார்ஸின் மற்றப் பிரிவுகளான பியூக், ஓல்ட்ஸ்மொபீல், பான்டியாக், காடிலாக் ஆகியவை வேறொரு வரிசையைக் கொண்டிருந்தன. ஒரே நிறுவனத்தின் கியர்பெட்டிகள் ஒன்றுக்கொன்று மாறாமல் போனதற்கு இதுவே காரணம்.

முதல் மூன்று ஆண்டுகளின் எஞ்சின்களைத் தனியாகக் கருத வேண்டும். அவற்றில் பிளாக்கின் பக்கவாட்டில் மவுண்ட் கிடையாது. எஞ்சினின் பின்பாரத்தைப் பெல் ஹவுசிங்கே தாங்கியது. ஸ்டார்ட்டரும் அதிலேயே பூட்டப்பட்டது. எனவே 1956ஆம் ஆண்டு எஞ்சினுக்குப் பிற்காலக் கியர்பெட்டியைப் பூட்டுவோர், துளைகள் சேர்ந்தாலும், எஞ்சினைத் தாங்கவும் ஸ்டார்ட்டரைப் பூட்டவும் தனி ஏற்பாடு செய்ய நேரிடும். பக்கவாட்டு மவுண்ட் 1958இல் வந்தது.

தானியங்கிக் கியர்பெட்டிகளில் பவர்கிளைடு 1950இலிருந்து இருந்தது; அதன் அலுமினிய வடிவம் 1962இல் வந்தது. டர்போ 400 1964இலும், டர்போ 350 1969இலும், ஓவர்டிரைவ் கொண்ட 200-4ஆர் 1981இலும், 700ஆர்4 1982இலும் வெளிவந்தன.

கிராங்க் விளிம்பும் சமநிலையும்

தானியங்கிக் கியர்பெட்டியின் கன்வெர்ட்டரைத் தாங்கும் தகடான ஃப்ளெக்ஸ்பிளேட், கிராங்க் தண்டின் பின்விளிம்பில் பூட்டப்படுகிறது. 1985 வரை பின் ஆயில் சீல் இரண்டு துண்டுகளாக இருந்தது. அந்த விளிம்பின் போல்ட் வட்டம் 3.58 அங்குலம். 1986இல் ஒற்றைத் துண்டு சீல் வந்ததும் வட்டம் 3.00 அங்குலமாகச் சுருங்கியது. விளிம்பில் இருந்த எதிரெடை மேட்டுக்கும் அங்கே இடமில்லாமல் போனதால், அந்த எடை ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கு மாறியது. பழைய தகடு புதிய கிராங்க்கில் ஏறவே ஏறாது. தவறு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

தெரியாத தவறுதான் ஆபத்தானது. 1970இல் வந்த 400 கன அங்குல எஞ்சினின் ஸ்ட்ரோக் 3.75 அங்குலம், 350க்கு 3.48. நீண்ட ஸ்ட்ரோக்குக்கு வேண்டிய எதிரெடை முழுவதையும் கிராங்க்கிலேயே வைக்க இடம் போதவில்லை. மீதியை முன்புற டாம்ப்பரிலும் பின்புற ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் வைத்தனர். ஆனால் இரண்டு எஞ்சின்களின் விளிம்பும் ஒரே 3.58 அங்குலம். 350இன் தகடு 400இல் தடையின்றிப் பூட்டிக்கொள்ளும். எஞ்சினை ஓட்டிய பிறகுதான் அதிர்வு தெரியும். அப்படியே தொடர்ந்து ஓட்டினால் பேரிங்குகள் கெடும். போல்ட் ஏறிவிட்டது என்பதைப் பொருத்தத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

பல்வட்டமும் ஸ்டார்ட்டரும்

ஃப்ளெக்ஸ்பிளேட்டுகள் இரு அளவுகளில் வந்தன: 153 பற்கள் கொண்டது சுமார் 12¾ அங்குல விட்டம், 168 பற்கள் கொண்டது சுமார் 14 அங்குலம். பல்வட்டம் பெரிதானால் ஸ்டார்ட்டர் வெளிப்பக்கம் நகர வேண்டும். ஆகவே 153க்கு உரிய ஸ்டார்ட்டரின் இரு போல்ட்டுகளும் நேர்க்கோட்டில் இருக்கும். 168க்கு உரியதில் ஒன்று தள்ளி இருக்கும். பிளாக்கின் அடியில் மூன்று துளைகள் இருந்தால் இரண்டு வகையையும் பூட்டலாம்.

கன்வெர்ட்டரை அமர்த்துதல்

கன்வெர்ட்டரைக் கியர்பெட்டியின் தண்டில் ஏற்றி, சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். தண்டின் பற்களிலும் ஸ்டேட்டர் தாங்கியிலும் அடுத்தடுத்து இறங்கும்; கடைசியில் கழுத்தின் வெட்டுகள் ஆயில் பம்பில் 'டக்' என்று விழும். கியர்பெட்டியை பிளாக்குடன் முழுக்க இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். அதற்கும் தகட்டுக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் அது பம்பில் இறங்கவில்லை என்று பொருள். போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் எஞ்சின் சுற்றும் முன்பே பம்பு உடையும்.

கையியக்கக் கியர்பெட்டியில் கிராங்க் முனையின் பைலட் புஷ்ஷையும் பெல் ஹவுசிங் துளையின் மையத்தையும் சரிபார்க்க வேண்டும். மைய விலகல் 0.005 அங்குலத்தைத் தாண்டினால், மையம் விலகிய டவல் பின்களால் திருத்துவர்.

நீளமும் த்ராட்டில் கேபிளும்

டர்போ 350 இருந்த பழைய கார்களுக்கு 200-4ஆர் ஏற்றது. 6 அங்குல வால்பகுதி கொண்ட டர்போ 350இன் மொத்த நீளமும் இதன் நீளமும் ஏறத்தாழ ஒன்று. டிரைவ் ஷாஃப்ட்டை வெட்ட வேண்டியதில்லை, கிராஸ்மெம்பரை மட்டும் பின்னுக்கு நகர்த்தினால் போதும். இதன் முதல் கியர் விகிதம் 2.74, ஓவர்டிரைவ் 0.67. 700ஆர்4இல் முதல் கியர் 3.06, அங்கிருந்து இரண்டாம் கியரின் 1.63க்கு இறங்கும் தாவல் பெரிது. இரண்டிலும் கார்புரேட்டரோடு இணையும் த்ராட்டில் கேபிள்தான் உள் ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதைச் சரியாக அமைக்காமல் ஓட்டினால் கிளட்ச் தகடுகள் விரைவில் கருகும்.

இன்றைய நிலை

ஸ்மால் பிளாக்கின் வாரிசாக 1997இல் வந்த எல்எஸ் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் கிராங்க் விளிம்பு, பழைய எஞ்சின்களில் இருந்ததைவிட 0.4 அங்குலம் முன்னால் இருப்பதால், பழைய கியர்பெட்டியைப் பூட்ட இடைவளையம் தேவைப்படுகிறது.